பழைய ஸ்டீல் ரோடு சைக்கிள்

பழைய ஸ்டீல் ரோடு சைக்கிள் கைக்கு வந்தால் நான் கியரைப் பார்ப்பதே இல்லை, ஃபிரேமைத்தான் பார்ப்பேன். ஹேண்டில் கழுத்துக்குப் பின்னால், பெடலை நோக்கிச் சாய்வாக இறங்கும் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பெயின்ட் சுருங்கி லேசாகப் புடைத்திருந்தால், வண்டி எதிலோ நேராக மோதியிருக்க வாய்ப்பு அதிகம். வேண்டாம், விட்டுவிடுங்கள். மேலோட்டமான துரு பெரிய விஷயமில்லை. சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் குழாய், அசைகிறதா என்பதுதான் கேள்வி. அலுமினிய போஸ்ட் ஸ்டீலுக்குள் இறுகிவிட்டால் கழற்றுவதற்குள் உயிர் போய்விடும்.

ஃபிரேம் தேறிவிட்டதா? சரி, முதல் செலவு சக்கரத்துக்கு. ஸ்டீல் ரிம்மில் மழை நேரத்து பிரேக் சாமி விட்ட வழிதான். அலுமினிய ரிம் போட்டதும் வண்டியே மாறிவிடும். பழைய 27 அங்குலச் சக்கரத்திலிருந்து, இப்போது ரோடு சைக்கிள்களில் வழக்கமான 700சி அளவுக்கு மாறினால் ரிம் விளிம்பு 4 மி.மீ. உள்ளே போகும். பிரேக் கட்டை அவ்வளவு இறங்குமா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள். பின்சக்கரம் உட்காரும் பின்ஃபோர்க் இடைவெளி 126 மி.மீ. என்றால், 130 மி.மீ. ஹப்புக்கு (சக்கரத்தின் நடுப்பகுதி) ஏற்ப ஸ்டீலை விரிக்கலாம். கார்பன் ஃபிரேமில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள்!

அப்புறம் கேபிள், பிரேக் கட்டை, டயர் எல்லாம் புதிது. கியர் லீவரை மட்டும் கீழ்க்குழாயிலேயே விட்டுவிட்டேன், குனிந்து மாற்றுவது எனக்குப் பிடித்திருக்கிறது.