மூடி சரியாக உட்கார வேண்டும்

கப்பலில் தானியம் ஏற்றுகிறவனுக்கு ஈரம்தான் முதல் பயம். நான் மூன்றாம் அதிகாரியாக இருந்தபோது, ஒரு பயணத்தில் இரண்டாம் நம்பர் ஹோல்டின், அதாவது சரக்கு அறையின், மேல்மூடியான ஹேட்ச் கவரில், தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கெட் ஓரிடத்தில் அமுங்கிப் போயிருந்தது. பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான். துறைமுகத்தில் திறந்தால், ஓரத்துக் கோதுமை முளைவிட்டுக் கட்டிபிடித்துக் கிடந்தது. அந்தப் புளித்த வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

சில வருடம் கழித்துப் பழுதுபார்ப்புக்காக, ஸ்பெயினின் கனாரித் தீவுகளில் இருக்கும் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் நின்றோம். ஒருநாள் ஓய்வில் கிரான் கனாரியா தீவின் வடக்கே இருக்கும் செனோபியோ டி வலெரோனுக்குப் போனேன். செங்குத்தான சரிவில், வில்லாக வளைந்த பெரிய பாறைக் குடைவு. அதற்குள் அடுக்கடுக்காகச் சுமார் 300 தானிய அறைகள். 1483-இல் ஸ்பானியர் கைக்குத் தீவு போவதற்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள், இரும்பே இல்லாமல், கல் கருவிகளால் குடைந்தவை. பின்னால் வந்தவர்கள் கன்னிப் பெண்கள் தங்கிய மடம் என்று நினைத்துவிட்டார்கள். 'செனோபியோ' என்றாலே மடம்தான். உண்மையில் அது பொதுக் களஞ்சியம். வாற்கோதுமைதான் முக்கிய விளைச்சல்.

நான் வெகுநேரம் பார்த்தது அறைகளின் வாயைத்தான். மூடி உட்காருவதற்கென்றே விளிம்பில் உள்வாங்கிய படி வெட்டியிருக்கிறார்கள். பலகையோ கல்லோ பொருத்தி, இடுக்கில் சாந்து பூசி அடைப்பார்களாம். எங்கள் ஹேட்ச் கவருக்கும் இதே கணக்குதான்: விளிம்பு, மூடி, நடுவே இடைவெளி விடாத ஒன்று.

வண்டு அவர்களையும் விட்டுவைக்கவில்லை. தீவின் பழைய களஞ்சியங்களில் தானிய வண்டுகளின் மிச்சம் கிடைத்திருக்கிறது. கூடவே லாரல் என்ற வாசனை மரத்தின் இலைகளும். பூச்சியை விரட்டப் போட்டிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அரிசிப் பானையில் அம்மா போடும் காய்ந்த வேப்பிலை நினைவுக்கு வந்தது. அங்கே எடுத்த பழைய வாற்கோதுமையின் மரபணுவைச் சோதித்ததில், இன்றும் தீவில் விதைப்பது அதன் வழிவந்ததுதான் என்று தெரிந்திருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கப்பலுக்குத் திரும்பி, மறுநாள் பயிற்சி மாணவனோடு ஹேட்சில் ஏறினேன். இரும்பு விளிம்பு முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து, கவரை மூடித் திறந்தோம். கேஸ்கெட்டில் வெள்ளைக் கோடு ஓடிக்கொண்டே வந்து ஒரு மூலையில் விட்டுப்போயிருந்தது.

"இங்க பதியல சார்," என்றான்.

அந்தத் துண்டைக் கழற்றி மாற்றிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தேய்த்தோம்.