பக்கத்து வீட்டு ஸ்கார்ஃப்

2016 நவம்பரில் பெவரனுக்கு வந்தேன். பெல்ஜியத்தில், ஆண்ட்வெர்ப் நகருக்கு மேற்கே, ஷெல்ட் ஆற்றின் இடக்கரையில் இருக்கும் சின்ன ஊர். தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்குப் பார்த்தவனுக்கு இங்கேயும் கன்டெய்னர்தான். குளிர் மட்டும் புதுசு. வகுப்பில் சொல்லிக்கொடுத்த டச்சு வேறு, தெருவில் பேசுகிற டச்சு வேறு என்பது தெரியவே ஒரு மாதம் ஆனது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஐந்து மாதமாக ஒரு வணக்கத்துக்கு மேல் வாய் திறக்கவில்லை. கோபமோ என்று மனைவிக்குச் சந்தேகம். ஏப்ரலில் ஒருநாள் கராஜைத் திறந்துபோட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஆணியில் ஒரு மஞ்சள்-நீல ஸ்கார்ஃப், ஓரமெல்லாம் நூல் பிரிந்து தொங்கியது. "கால்பந்தா?" என்று கேட்டேன். அவ்வளவுதான், ஒரு மணி நேரம் பேசினார். எனக்குப் பாதி புரிந்தது.

இந்த ஊர் அணி 1979-லும் 1984-லும் பெல்ஜியத்தின் சாம்பியன். நான் நம்பாதது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்து பழுப்பேறிய பத்திரிகைத் துண்டுகளை எடுத்துப் போட்டார். 1979 வசந்தத்தில், உள்நாட்டுக் கோப்பை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியத் தொடரின் காலிறுதியில் இன்டர் மிலானை வெளியேற்றியிருக்கிறார்கள்: அங்கே 0-0, இங்கே ஃப்ரேதீல் மைதானத்தில் 1-0. அரையிறுதியில் பார்சிலோனாவிடம் இரண்டு ஆட்டத்திலும் ஒரே ஒரு கோலில் தோல்வி. கோல்கீப்பர் ஜான்-மாரி ஃபாஃப். பின்னால் பயர்ன் மியூனிக் போனவர். ஃபாஃபின் கைகளைக் காட்ட, பெரியவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் என் முகத்துக்கு நேரே விரித்தார்.

அப்புறம் சரிவு. 2001-ல் காசில்லாமல் கிளப் தள்ளாடியபோது ஜான்-மார்க் கியூ என்ற பிரெஞ்சுக்காரர் வந்தார். ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜானில் அவர் நடத்திய கால்பந்துப் பள்ளியின் பையன்களை இங்கே இறக்கினார். யாயா தூரே, எபுவே, ரோமாரிக், பின்னால் ஜெர்வின்யோ. ஏறக்குறைய முழு அணியுமே ஐவரி கோஸ்ட். ஆட்டம் அழகு, அதில் பெரியவருக்குச் சந்தேகமே இல்லை. 2004-ல் பெல்ஜியக் கோப்பை இறுதிவரை போய், கிளப் ப்ரூகே அணியிடம் 4-2 என்று தோற்றார்கள். ஆனால் அந்தப் பையன்களுக்கு இது ஒரு பஸ் ஸ்டாண்டு மாதிரி. பெரிய வண்டி வந்ததும் ஏறிக்கொள்வார்கள். ஏறினார்கள். தூரே பார்சிலோனா வரை போனார். 2007-ல் பெவரன் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது.

"நான் போறதை நிறுத்திட்டேன்" என்றார். "நல்லா ஆடினாங்க. ஆனா அது எங்க ஊர் அணி மாதிரியே இல்லை." சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து பெட்டியை அடுக்க ஆரம்பித்தார். நான் என்ன சொல்வது? "சரி" என்றேன். வீட்டுக்கு வந்தும் அந்த வாக்கியம் உறுத்தியது. பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. இருபது வயதில் ஐரோப்பியக் குளிருக்கு வந்து இறங்கி, உள்ளூர்க்காரர் மனசு கோணாமலும் ஆட வேண்டுமென்றால் பாவம்தானே.

2010-ல் பழைய கிளப்பே முடிந்துபோனது. பக்கத்து ஹாஸ்டொங்கிலிருந்து வளர்ந்த ரெட் ஸ்டார் வாஸ்லாண்ட் என்ற கிளப் அதே மைதானத்துக்கு வந்து, வாஸ்லாண்ட்-பெவரன் என்று பெயர் வைத்துக்கொண்டது. அதையும் அவர் ஏற்கவில்லை. ரசிகர்களில் ஒரு கூட்டம் தனியாக ஒரு கிளப் ஆரம்பித்துக் கடைசிப் படியிலிருந்து ஏறப் பார்த்தது. இந்த மரபு அரசியலில் யார் யாருக்கு வாரிசு என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். நம் ஊர்ச் சொத்துத் தகராறு தோற்றது.

2022-ல் பெயர் மீண்டும் எஸ்.கே. பெவரன் ஆனது. அந்தக் குளிர்காலத்தில் கதவைத் தட்டி, "வர்றியா?" என்றார்.

ஃப்ரேதீலில் உருளைக்கிழங்கு வறுவலும் மயோனைஸும் கையில். அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். "பக்கத்து வீடு" என்றார் பெரியவர். நான் இரண்டு ஜோடி கையுறை போட்டிருந்தேன், ஒன்றின் மேல் ஒன்று. அதனால் வறுவலை எடுக்க முடியவில்லை. அவர் பார்த்துச் சிரித்துவிட்டு, "அபிஜான் பசங்களும் இப்படித்தான்" என்று ஒரு துண்டை முள்கரண்டியில் குத்தி நீட்டினார்.