கொழும்பு பஸ்ஸுக்கும் பலாலி விமானத்துக்கும் இடையில்

கொழும்பில் இரவு ஏறும் பஸ் விடியப்புறம் ஐந்து மணியளவில் யாழ்ப்பாணத்தில் இறக்கிவிடும். சென்னைக்கோ திருச்சிக்கோ போகும் விமானம் பெரும்பாலும் மத்தியானம் கழிந்துதான். நடுவில் ஏழெட்டு மணித்தியாலம் கிடைக்கும். பலர் அதைப் பஸ் நிலையக் கதிரையில் தூங்கி வழிந்து தீர்க்கிறார்கள். வேறு சிலர் நயினாதீவுக்குப் போய்வரலாம் என்று வெளிக்கிட்டு, குறிகட்டுவானில் படகுக்குக் காத்து நின்று, திரும்பும்போது காற்றையும் கடலையும் திட்டுகிறார்கள். தீவுப் பக்கம் போக வேண்டுமென்றால் முழு நாள் வேண்டும். நெடுந்தீவை இந்த நாளில் நினைக்கவே வேண்டாம்.

பலாலி விமான நிலையம் யாழ்ப்பாண நகருக்கு வடக்கே 16 கிலோமீற்றரில் இருக்கிறது. ஆகவே பொதியோடு வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே போங்கள், நகருக்குத் திரும்பி வருகிற மாதிரி எதையும் போட்டுக்கொள்ளாதீர்கள். நேரத்தையும் பின்னாலிருந்து எண்ணுங்கள். விமானம் மூன்று மணிக்கு என்றால் பன்னிரண்டரைக்கு நிலையத்தில் நிற்க வேண்டும், அதற்குப் பன்னிரண்டு மணிக்கு, வழியில் கடலோரக் கேணி இருக்கும் கீரிமலையை விட வேண்டும். பத்தரைக்கு அங்கே இருந்தால் ஆறுதலாகக் குளிக்கலாம். நகரை விடுவது ஒன்பது, ஒன்பதரைக்குள்.

விடியலில் முதலில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில். பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோவில் பத்து நிமிடம். அந்த நேரத்திலேயே நடை திறந்திருக்கும், பூசைகள் மணி தவறாமல் நடக்கும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். ஆடி அமாவாசைக்குப் பிறகு ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் திருவிழா. அந்த நாட்களில் கோயிலைச் சுற்றிய வீதிகளை மறித்துவிடுவார்கள். பெரிய பெட்டியோடு சன நெரிசலுக்குள் மாட்டிக்கொண்டால் வெளியே வருவது பெரும்பாடு. தேர் 24ஆம் நாள், அன்று நல்லூரை விட்டுவிட்டு நேரே வடக்கே போவது நல்லது.

காலைச் சாப்பாடு பிட்டோ இடியப்பமோ, சொதியும் சம்பலும். கோட்டை பார்க்க ஆசையென்றால் வெயில் ஏறுமுன் பாருங்கள், கொத்தளத்தின் மேல் நிழலே கிடையாது. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். சுவருக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள், முருகைக்கல்லில் பவளப்பூச்சிகள் விட்ட துளைகள் இன்னும் தெரியும். 1981இல் எரிக்கப்பட்ட பொது நூலகத்தின் வெள்ளைக் கட்டடமும் பக்கத்தில்தான்.

சந்தையில் அரை மணித்தியாலம் போதும், ஆனால் சரியாக வாங்க வேண்டும். ஒடியலும் புழுக்கொடியலும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல். அது மாவாக்கிக் கூழுக்கும் பிட்டுக்கும் போடுவது, வெறும் வாயில் கடித்தால் கசக்கும். அவித்துக் காயவைத்ததுதான் புழுக்கொடியல், கொறிப்பதற்கு அதைக் கேளுங்கள். பனங்கட்டி ஓலைக் குட்டானில் வரும். குட்டான் அழகாக இருக்கிறதென்று அப்படியே பையில் போட்டால் மாரி காலத்தில் ஈரம் இழுத்துக் கசிந்து உடுப்பெல்லாம் பிசுபிசுக்கும், பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டுங்கள். நெல்லிரசப் போத்தலும் ஊறுகாயும் கைப்பையில் போகாது, பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். இலங்கைக் காசு மிஞ்சினால் இங்கேயே மாற்றிவிடுங்கள். சென்னையில் அதற்கு நல்ல விலை கிடைப்பது அருமை.

வடக்கே போவதற்குக் காங்கேசன்துறை வீதிதான் தோது: கொக்குவில், இணுவில், சுண்ணாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம். சுண்ணாகத்தில் இடப்பக்கம் திரும்பினால் கந்தரோடை. ஒரு சிறு வளவுக்குள் நெருக்கமாக, சின்னச் சின்னப் பௌத்தத் தூபிகள். கால் மணித்தியாலத்துக்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை, என்றாலும் விடக்கூடாத இடம். ஓட்டோவுக்குக் கந்தரோடை, கீரிமலை, பலாலி என்று முழுப் பயணத்துக்கும் காத்திருப்புக்கும் சேர்த்து முதலிலேயே விலை பேசுங்கள். கீரிமலையில் இறங்கி ஓட்டோவை அனுப்பிவிட்டால் அங்கிருந்து செயலியில் வண்டி கிடைப்பது நிச்சயமில்லை. விமானத்தைத் தவறவிடுவதற்கு அதுவே போதும்.

கீரிமலைக் கேணி கடலோடு ஒட்டியே இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் அலை அடிக்கும். இந்தப் பக்கம் தண்ணீரை வாயில் விட்டால் உப்புக் கரிக்காது. காரணம் காலுக்குக் கீழே இருக்கிறது. குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல், சொல்லும்படியான ஆறு கிடையாது. ஐப்பசி கார்த்திகை மழை கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, பாரமான உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கும். கல்லுக்குள் வழி கிடைக்கிற இடத்தில் கடற்கரையோரம் ஊற்றாக வெளியே வரும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதும் இதே கணக்குத்தான்.

ஆண்கள் கேணி பெரியது, திறந்தது. பெண்களுக்கு மதில் கட்டிய தனிக் கேணி. படியில் பாசி இருக்கும், குதிக்காமல் பிடித்து இறங்குங்கள். துவாய்க்குப் பதில் மெல்லிய சாரம் கொண்டுபோனால் ஓட்டோவில் காற்றுப்பட்டே பாதி காய்ந்துவிடும். ஈரத் துவாய் பெட்டிக்குள் போனால் நிறையைக் கூட்டும். ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்ய வரும் சனத்தில் கேணிப் பக்கம் அண்டவே முடியாது. குளித்தபின் பக்கத்தில் நகுலேசுவரம். கீரிமுகம் நீங்கிய முனிவரின் கதை அங்கே, குதிரைமுகம் நீங்கிய இளவரசியின் கதை வரும் வழியில் மாவிட்டபுரத்தில். ‘மா’ என்றால் குதிரை, மிச்சத்தை ஊர்ப்பெயரே சொல்லும்.

பலாலிக்கு அங்கிருந்து அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். கைபேசி வரைபடத்தில் தெரிகிற எல்லா வீதியாலும் போக முடியாது, சுற்றிவரப் படையினரின் கட்டுப்பாட்டு நிலம். உள்ளூர் ஓட்டுநர் போகிற வழியை மாற்றச் சொல்லாதீர்கள். நிலையம் சிறியது, சாப்பிட அதிகம் கிடைக்காது, வழியிலேயே வயிற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருவது ஏரிஆர் (ATR) 72 என்ற சின்ன விமானம், எழுபது சொச்சம் பேர்தான். ஆனாலும் வரிசை ஊரும். முன்னால் நிற்பவரின் பெட்டி நிறை கூடி, அவர் நிலத்தில் குந்தியிருந்து மிளகாய்த்தூளை ஒரு பையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருப்பார். கொழும்பில் வெளிக்கிடும்போதே தூக்குத் தராசில் நிறுத்து, சந்தைச் சாமானுக்கென்று மூன்று கிலோ குறைத்தே கட்டுங்கள். பெரிய விமானத்தில் மேலே வைக்கும் சில்லுப்பெட்டி இதன் தட்டுக்குள் போகாமல் போகலாம். கடவுச்சீட்டையும் மருந்தையும் தனியே ஒரு சின்னப் பையில் வையுங்கள், வாசலில் பெட்டியை வாங்கிக் கீழே போட்டாலும் அவை உங்கள் கையில் இருக்கும்.