உருளையைப் பாரடா

மரவேலைப் பட்டறையில், பலகையைச் சீவித் தரும் பிளேனர் இயந்திரத்துக்குள் பலகை விடும்போது மாஸ்டர் சொல்வது ஒன்றுதான்: "அலகைப் பாக்காதை, உருளையைப் பாரடா." அந்த இயந்திரத்தின் பழைய காப்புரிமைகளைப் புரட்டினால் அந்தச் சொல்லின் எடை தெரியும்.

1791இல் இங்கிலாந்தில் சாமுவேல் பெந்தம் பதிந்த இயந்திரம் கைச்சீவுளிக்கு அண்ணன் மாதிரி. முன்னும் பின்னும் ஓடும். திரும்பி வரும் ஓட்டம் வீண். 1802இல் ஜோசப் பிராமா நிமிர்ந்த தண்டொன்றில் வட்டத்தட்டைப் பூட்டி, அதில் அலகுகளை வைத்துச் சுழற்றினார். அது வூலிச் ஆயுதசாலையில் வேலை செய்தது.

வில்லங்கம் வந்தது 1828 டிசம்பர் 27இல் அமெரிக்கரான வில்லியம் வூட்வர்த் பெற்ற உரிமையால். சுழலும் அலகு அவருக்கு முன்பே உண்டு. அதனோடு அழுத்தும் உருளைகளைச் சேர்த்ததே அவர் செய்தது. சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் சூட்சுமம் அங்கேதான். கிடையாகச் சுழலும் அலகு, பலகை வரும் திசைக்கு எதிராக, கீழிருந்து மேலே வாரி எடுக்கிறது. அமுக்கிப் பிடிக்காவிட்டால் பலகை துள்ளும், நார் பிளந்து எழும்பும். 14 வருட உரிமை 1842இல் ஏழு வருடம் நீண்டது. பிறகு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு இன்னும் ஏழு வருடம் கொடுத்தது. 1856 வரை வழக்குக்கு மேல் வழக்கு.

உருளைக்கும் ஒரு குறை உண்டு. முறுக்கின பலகையை அது அமுக்கித் தட்டையாக்கி உள்ளே விடும். வெளியே வந்ததும் பலகை பழையபடி முறுக்கிக்கொள்ளும். மினுக்கம் வரும், நேர் வராது. மசாசுசெட்ஸ் வூஸ்டரில் தாமஸ் டானியல்ஸ் 1830களில் செய்த இயந்திரத்தில் மரத்தை ஓடும் மேசையில் இறுக்கிவிட்டு, மேலே சுழலும் கையின் நுனி அலகுகளால் சீவுவார்கள். மெதுவான வேலை, ஆனால் தளம் நேராகும். இன்று ஒரு முகத்தை முதலில் ஜொயின்டரில் (கீழிருந்து சீவும் அலகு வைத்த மேசை இயந்திரம்) நேராக்கிவிட்டு, அந்த முகம் கீழே இருக்கப் பிளேனரில் விடுவது இதே காரணத்துக்குத்தான்.

சீவிய முகத்தில் அலை தெரிந்தால் கணக்குப் பாருங்கள். நிமிடத்துக்கு 4000 சுற்று, இரண்டு அலகு என்றால் 8000 வெட்டு. அதே நிமிடத்தில் பலகை 6 மீற்றர் ஓடினால் வெட்டுக்கு வெட்டு 0.75 மில்லிமீற்றர். ஓர் அலகு மயிரளவு வெளியே நின்றாலும் முகத்தில் அதன் தடம் மட்டுமே மிஞ்சும்; இடைவெளி 1.5 ஆகிவிடும். ஓட்டத்தைக் குறைப்பதற்கு முன் அலகுகளின் உயரத்தைச் சரிபாருங்கள்.

பலகையின் கடைசி இரண்டு அங்குலத்தில் பள்ளம் விழுந்தால் அலகில் பிழை தேடவேண்டாம். பலகையின் வால், அலகுக்கு முன்னால் இருக்கும் உருளையைத் தாண்டியதும் அலகுக்குப் பின்னால் இருக்கும் உருளையின் பிடி மட்டுமே மிச்சம். வால் மேலே கிளம்பி அலகில் முட்டுகிறது. பலகை வெளியே வரும் பின் மேசை வாயில் நின்று அதன் தலையைச் சற்றே தூக்கிப் பிடித்தால் வால் தாழ்ந்து நிற்கும்.