மருந்து சரி, காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை

மகளுக்கு அப்போது ஒரு வயது தாண்டி இரண்டு மாதம். சாதாரணச் சளியில்தான் ஆரம்பித்தது. மூக்கொழுகல் நின்று தேறி வந்தவளுக்குத் திடீரென்று காய்ச்சல் திரும்பியது, முன்பைவிடக் கடுமையாக. இருமலைவிட அவள் மூச்சுவிட்ட விதம்தான் எங்களைக் கலங்கடித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது, மூக்கு விடைத்தது. நாலு மடக்குப் பால் குடிப்பதற்குள் மூச்சு வாங்கி வாயை எடுத்துவிட்டாள்.

அவசரப் பிரிவில் நர்ஸ் முதலில் எதையும் தொடவில்லை. அவளை என் மடியிலேயே விட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணினார். குழந்தை அழாமல் இருக்கும்போதுதான் எண்ண வேண்டுமாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, அதிலிருந்து ஒரு வயது வரை 50, பிறகு ஐந்து வயது வரை 40; இதை எட்டினாலே மூச்சு வேகம் அதிகம் என்று அர்த்தம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆக்சிஜன் வைத்தார்கள். ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்கு முன்பே கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுத்துவிட்டார்கள். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழே வெள்ளையாக இருந்தது; நிமோனியா என்றார்கள். கல்ச்சரில் நிமோகாக்கஸ் வந்தது. நல்ல ஆரோக்கியமான குழந்தைகள் பலரின் மூக்கிலும் தொண்டையிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும் பாக்டீரியாதானாம் அது. வைரஸ் சளி வந்து போன பிறகு சிலருக்கு நுரையீரலுக்கு இறங்கிவிடுகிறது. ரத்தத்தில் கலந்தால் மூளை உறை வரை போகலாம் என்பதால் கழுத்து விறைக்கிறதா, அசந்து போகிறாளா என்று அடிக்கடி வந்து பார்த்தார்கள்.

எங்களை உண்மையில் வாட்டியது அதற்கப்புறம் வந்த கட்டம்தான். கிருமி இந்த மருந்துக்கு அடங்கும் என்று ரிப்போர்ட் சொல்கிறது, மருந்தும் தவறாமல் ஏறுகிறது, காய்ச்சலோ விடவே இல்லை. மருந்தை மாற்றச் சொல்லலாமா என்று நாங்கள் தவித்தோம். டாக்டர் ஸ்கேன் எடுத்துக் காட்டினார். நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் சீழ் தேங்கி, நூல் நூலாகத் திரித்துக்கொண்டிருந்தது. சீழுக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது, அதை வெளியே எடுத்தாக வேண்டும் என்றார்.

மயக்கம் கொடுத்து விலா இடுக்கில் குழாய் வைத்தார்கள். அந்தத் திரிகளைக் கரைக்க அதே குழாய் வழியாக ஒரு மருந்தைச் செலுத்தி, சில மணி நேரம் அடைத்து வைத்துத் திறந்துவிடுவார்கள். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே தண்ணீர் உள்ள பாட்டிலில். அதை அவள் நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கவே கூடாது. மூச்சுக்கு ஏற்றபடி குழாயில் தண்ணீர் மேலும் கீழும் ஆடும்; ஆட்டம் நின்றால் உடனே கூப்பிடச் சொன்னார்கள், குழாய் அடைத்திருக்கலாம். இரவெல்லாம் நானும் மனைவியும் மாறி மாறி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வலி மருந்தைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். வலித்தால் குழந்தை ஆழமாக மூச்சு விடாது, இருமாது. உள்ளே இருப்பது வெளியேறாது. வலி அடங்கிய பிறகுதான் இவள் எழுந்து உட்கார்ந்தாள், பொம்மையைத் தேடினாள். காய்ச்சல் ஒரேயடியாக விடவில்லை. உச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, பிறகு நின்றது. குழாயை எடுத்து, வாய்வழி மருந்துடன் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜுக்குச் சில வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் இன்னும் லேசான நிழல் இருந்தது. முழுதாகத் தெளிய மாதக்கணக்கில் ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. பிறகு எடுத்ததில் சுத்தமாக இருந்தது.

தடுப்பூசி போட்டும் ஏன் வந்தது என்று பலர் கேட்டார்கள். நாங்களும் கேட்டோம். நிமோகாக்கஸில் 100-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கடுமையான நோயை அதிகம் உண்டாக்கும் வகைகளைத் தேர்ந்தெடுத்துத்தான் குழந்தைகளுக்கான ஊசியில் சேர்க்கிறார்கள், 10, 13, 15, 20 என்று எண்ணிக்கை ஊசிக்கு ஊசி மாறும். இவளுக்கு வந்தது அதில் இல்லாத வகை. ஊசி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு வகையால் நோய் வந்து போனால் மற்ற வகைகளிடமிருந்து பாதுகாப்பு கிடைத்துவிடாது. அதனால் பாக்கியிருந்த பூஸ்டரை, உடம்பு தேறியதும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போட்டுவிட்டோம்.