மண்டபம் சைட் நாட்குறிப்பு: சொன்னது யாரிடம் போய்ச் சேர்ந்தது?

ஜூலை 7, 2025, திங்கள்

உரிமையாளர் கீழக்கரைக்காரர், வேலை பார்ப்பது துபாயில். மண்டபம் ஊரில் கடலை ஒட்டி இரண்டு மாடி விடுதி கட்டுகிறார். ஆர்க்கிடெக்ட் சென்னையில், ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் மதுரையில், நான் சைட்டில். எல்லோரும் பேசிக்கொள்வது ஒரு வாட்ஸ்அப் குழுவில்.

காலையில் உரிமையாளரிடமிருந்து நீளமான குரல் செய்தி. "தங்கச்சி, மாடிப்படி வாசலுக்கு நேரா வருதுன்னு உம்மா சொல்றாங்க. கொஞ்சம் தள்ளி வச்சிருங்க."

கொஞ்சம் என்றால் எவ்வளவு, எந்தப் பக்கம்? இதை அப்படியே குழுவில் போட்டால் ஆளுக்கொரு படி வரைவார்கள். இரண்டு தடவை கேட்டுவிட்டு, புரிந்ததை எழுதி அவருக்கே அனுப்பினேன்: படி வலது பக்கம் 3 அடி நகரும். அதனால் ஒரு தூண் இடம் மாறும், அதற்குப் புதிதாக ஃபுட்டிங் (தூண் அஸ்திவாரம்) தோண்ட வேண்டும். கீழ்த்தளக் கழிவறை குறுகும். செலவும் நாளும் கூடும். இப்படித்தான் நினைக்கிறீர்களா?

உடனே போன் வந்தது. "தூணே மாறுமா? அது வேணாம்மா. ஒரு மறைப்புச் சுவர் வச்சா உம்மாவுக்குப் போதும்." அதையும் எழுதி அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்கினேன். பிறகுதான் சென்னைக்குச் சொன்னேன். உரிமையாளருக்கு வரைபடம் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. அவர் ஒரு சொல் சொன்னால் என்னென்ன நகரும் என்பதை அவருக்குக் காட்டுவது நம் வேலை.

ஜூலை 10, வியாழன்

கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிறது. ஷெட்டுக்குள் உட்கார்ந்து புது வரைபடங்களைப் பார்த்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலக் குறிப்புகள்: கவர் (கம்பிக்கு மேல் இருக்க வேண்டிய காங்கிரீட் கனம்) 50 மில்லிமீட்டர், காங்கிரீட் தரம் எம்35, நீர்-சிமெண்ட் விகிதம் 0.45. எல்லாம் சரிதான். கடல் திவலை படுகிற காங்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதி சொல்வதும் இதுவே. ஆனால் அந்த இடைவெளியைக் காக்கும் கவர் கல்லை வைக்கப்போவது கம்பி கட்டுகிற ஆள். மிக்சரில் தண்ணீர் ஊற்றுவது ஒரு சித்தாள். அவர்கள் இருவருக்கும் அந்த ஓரத்தில் ஒரு வரிகூட இல்லை.

அவர்கள் அளவில் ஒரு தாளில் எழுதினேன். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே ரெண்டு அங்குலம், எந்தப் பக்கமும் குறையக்கூடாது. ஒரு மூட்டை சிமெண்டுக்குத் தண்ணீர் 22½ லிட்டர், மணல் ஈரமாக இருந்தால் அதற்கும் குறைவு. வாளியில் பெயிண்டால் கோடும் போட்டாயிற்று.

மேஸ்திரி அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு அங்குலக் கல்லுதான் எப்பவும் வைப்போம். ரெண்டு வச்சா தூண் வெறும் காங்கிரீட்டால்ல இருக்கும் மேடம்?" நல்ல கேள்வி. விதி எண்ணைச் சொல்லி அவர் வாயை அடைத்திருக்கலாம். அதற்குப் பதிலாகத் தெருமுனையில் இருக்கும் பழைய வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போனேன். சன்ஷேடின் அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி துருவேறித் தொங்குகிறது. "இது ஏன் இப்படி ஆச்சுன்னு நீங்க சொல்லுங்கண்ணே" என்றேன். உப்பு உள்ளே போகும், கம்பி துருப்பிடித்துப் பருக்கும், பருத்தால் காங்கிரீட்டைப் பிளக்கும் என்று அவரே சொன்னார். உப்பு கம்பியைத் தொட எத்தனை வருஷம் ஆகும் என்பது நடுவே இருக்கிற கனத்தைப் பொறுத்தது என்று மட்டும் நான் சேர்த்தேன். திரும்பி வந்து மற்ற ஆட்களுக்கு அவரே விளக்கினார், என்னைவிட நன்றாக.

ஜூலை 15, செவ்வாய்

சென்னையிலிருந்து பதில் வரவில்லை என்று கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கோபத்தில் இருந்தார். அவர் அனுப்பியதைக் காட்டச் சொன்னேன்: "பீம் டீடெயில் கிளியர் இல்லை. சீக்கிரம் சொல்லவும்." அவர் வருத்தம் நியாயமானதே. ஆனால் ஏழெட்டு வேலைகளை ஒன்றாகப் பார்க்கும் அலுவலகத்தில், எந்தப் பீம், எதில் குழப்பம் என்று தேடவே அரை நாள் ஆகும். அதனால் ஓரமாக வைத்துவிடுவார்கள்.

இரண்டு பேரும் உட்கார்ந்து வேறு மாதிரி எழுதினோம். "எஸ்-4 வரைபடத்தில் பி-3 இடத்தில் பீம் ஆழம் 450. ஏ-7-ல் சன்னல் உயரப்படி அங்கே இருப்பது 380 மட்டுமே. சன்னலை 70 இறக்கலாமா, பீமை மாற்றவா? சன்னலை இறக்குவதே எங்கள் யோசனை. வியாழனுக்குள் சொன்னால் சென்ட்ரிங் (பலகை அடிக்கிற) வேலை நிற்காது." கூடவே போட்டோ, அளவு நாடா தெரிகிற மாதிரி.

சாயங்காலமே பதில்: சன்னலை இறக்குங்கள். ஆம், இல்லை என்று சொல்லிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சீக்கிரம் வருகிறது. எதற்காக அவசரம் என்பதும் அதிலேயே இருந்தால் இன்னும் சீக்கிரம். சூப்பர்வைசர் அதைத் தன் போனில் சேமித்து வைத்துக்கொண்டார்.

ஜூலை 18, வெள்ளி

சைட் மேல்தளத்தில் நின்றால் பாம்பன் பாலங்கள் மூன்றும் தெரிகின்றன: 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், 1988-இன் சாலைப் பாலம், இந்த ஏப்ரலில் திறந்த புதிய செங்குத்துத் தூக்குப் பாலம். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கனடாவின் கியூபெக் பாலம் நினைவுக்கு வருகிறது. நம் தொழிலில் இருக்கிற எல்லோரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1907 ஆகஸ்ட். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் பாதி கட்டிய நிலையில் பாலத்தின் கீழ் உறுப்புகள் வளையத் தொடங்கின. அதை அளந்து பார்த்தவர் சைட்டில் இருந்த இளம் பொறியாளர் நார்மன் மெக்லூர். தலைமை ஆலோசகர் தியோடர் கூப்பர் நியூயார்க்கில். கடிதங்கள் போயின, வந்தன. வளைவு முன்பே இருந்ததா, புதிதா என்ற வாதமும் நடந்தது. கடைசியில் மெக்லூர் ரயிலேறி நியூயார்க் போனார். கூப்பருக்கு நிலைமை புரிந்தது. பாலத்தில் இனி எடை ஏற்றவேண்டாம் என்று தந்தி அடித்தார். அந்தத் தந்தி போனது பென்சில்வேனியாவில் பீனிக்ஸ்வில் ஊரில் இருந்த கட்டுமான நிறுவன அலுவலகத்துக்கு. பாலத்தின் மேல் ஆட்கள் நின்றுகொண்டிருந்த கியூபெக்குக்கு அல்ல. அன்று, ஆகஸ்ட் 29 மாலை, வேலை முடியும் நேரத்தில் பாலம் ஆற்றில் விழுந்தது. 75 பேர் இறந்தார்கள்.

மூல காரணம் கணக்கில் இருந்தது. நடு இடைவெளியை 1600 அடியிலிருந்து 1800 ஆக்கியபோது பாலத்தின் சொந்த எடையை ஒழுங்காகத் திரும்பக் கணக்கிடவில்லை. இருந்தும் அன்று பகலில் ஆபத்து தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொல் மேலே நின்ற ஆட்களுக்குப் போகவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து, "மெயில் அனுப்பிட்டேன்" என்று யாராவது சொன்னால் "யாருக்கு?" என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

ஜூலை 22, செவ்வாய்

போர்வெல் தண்ணீரின் பரிசோதனை முடிவு வந்தது. கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இது தாண்டிவிட்டது. கான்ட்ராக்டரோ நாக்கில் வைத்துப் பார்த்து "லேசாத்தான் கரிக்குது" என்று ஆட்கள் முன்னால் சொல்லிவிட்டார். அங்கேயே மறுத்திருந்தால் அது மானப் பிரச்சினை ஆகியிருக்கும். டீ குடிக்கப் போகும்போது தனியாக ரிப்போர்ட்டைக் காட்டினேன். அப்புறம் டேங்கர் வாடகையைப் பற்றித்தான் பேச்சு. அதை யார் கொடுப்பது என்பதையும் அன்றே எழுதி சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அனுப்பினேன். சொல்லாமல் விட்ட பணக் கணக்குதான் பிறகு சண்டையாகிறது.

இன்னொன்று. வியாழன் ஆடி அமாவாசை, ராமேசுவரம் சாலை முழுக்க வண்டியாக இருக்கும். ஜல்லியும் சிமெண்டும் புதன் மதியத்துக்குள் இறங்க வேண்டும் என்று டிரைவரிடமே நேரில் சொன்னேன். கடைக்காரரிடம் சொன்னால் போதாது.

ஜூலை 29, செவ்வாய்

மேஸ்திரி அண்ணன் தானாக வந்து கூப்பிட்டார். "மேடம், இங்க வைப்ரேட்டர் எறங்காது. பாருங்க." வைப்ரேட்டர் என்பது காங்கிரீட்டை அதிர்த்து அடைய வைக்கும் ஊசி. அவர் காட்டியது பீம் தூணில் சேரும் இடம், மேல் கம்பிகள்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. பீம் அகலம் 300 மில்லிமீட்டர். இரு பக்கமும் 50 கவர், கம்பிகளைச் சுற்றிக் கட்டும் 8 எம்எம் ரிங். உள்ளே மிஞ்சுவது 184. அதில் நாலு 20 எம்எம் கம்பி போட்டால் ஒவ்வொரு சந்தும் 35-ஐக்கூடத் தொடவில்லை. வைப்ரேட்டர் ஊசியோ 40. காங்கிரீட் அடியில் அடையாமல் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். உப்புக்கு அதைவிட நல்ல வாசல் வேண்டாம். கம்ப்யூட்டரில் வரையும்போது இது தெரியவே தெரியாது, ஊசியைக் கையில் பிடித்தவருக்குத்தான் தெரியும். முன்பெல்லாம் இப்படி வந்தால் கம்பியைத் தட்டி ஒதுக்கிவிட்டு வேலையை முடித்திருப்போம் என்று அவரே சொன்னார்.

மதுரைக்கு அளவுகளோடு எழுதினேன். கண்டுபிடித்தவர் மேஸ்திரி என்று முதல் வரியிலேயே போட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மதுரையிலிருந்து திருத்தம் வந்துவிட்டது. நாலு 20-க்குப் பதில் ரெண்டு 25, நடுவில் ஒரு 20. கம்பிப் பரப்பு 1257-லிருந்து 1296 சதுர மில்லிமீட்டர், அதாவது குறையவில்லை. சந்து 57 ஆகிறது, ஊசி தாராளமாக இறங்கும். பழைய தாளைக் கிழித்துவிட்டு, திருத்தம் 2 என்று போட்டதை ஷெட்டில் ஒட்டினேன். மேஸ்திரியிடம் என்ன மாறியிருக்கிறது என்று திருப்பிச் சொல்லச் சொன்னேன். கம்பி எண்ணிக்கையோடு, 25 எம்எம்-முக்கு லேப் நீளமும் (கம்பியோடு கம்பி சேர்த்துக் கட்டும் நீளம்) கூடுமே என்று கேட்டார். கூடும். அதையும் தாளில் எழுதினேன்.

ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் அடுத்த கூட்டத்துக்கு மேஸ்திரியும் வர வேண்டும் என்கிறார். கூட்டம் எப்போதும் பதினோரு மணிக்கு, வேலை மும்முரமாக நடக்கும் நேரம். ஆகஸ்ட் 4 காலை 7 மணிக்கு, சைட்டிலேயே வைக்கலாம் என்று எல்லோருக்கும் எழுதிவிட்டேன். சென்னை மட்டும் இன்னும் பதில் தரவில்லை. நாளை போன் பண்ண வேண்டும்.