கெயின்ஸ்பரோவின் 'தி மால்' ஓவியத்தை நகலெடுக்க

ஆங்கில ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ 1783 வாக்கில் தீட்டிய 'தி மால்' எண்ணெய் வண்ண ஓவியத்தில், லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவின் மரநிழலில் பெரிய இடத்துப் பெண்கள் பட்டு சலசலக்க உலாவுகிறார்கள். மூலம் நியூயார்க் ஃப்ரிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 4 அடி உயரம், 5 அடி அகலம். நகலுக்கு 16×20 அங்குலக் கேன்வாஸ் பொருந்தும்.

பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவியங்களைப் பார்த்துப் பழகிய கை, முதலில் கோடு இழுத்துவிட்டு உள்ளே நிறம் நிரப்பப் பார்க்கும். இங்கே அது எடுபடாது. இலையும் பாவாடையும் ஒரே வீச்சில் விழுந்தவை. எது எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. 'பெண்ணின் கைவிசிறி போல் முழுதும் படபடக்கிறது' என்று அக்காலத்தவர் ஒருவர் சொன்னது அதனால்தான். முகங்களில் மினக்கெட வேண்டாம். கண், மூக்கு தெளிந்தால் படம் அங்கேயே நின்றுவிடும்.

கெயின்ஸ்பரோ கல், காய்ந்த செடி, கண்ணாடித் துண்டுகளை மேசையில் அடுக்கி, அதைப் பார்த்து நிலக்காட்சி அமைத்ததை, அவர் காலத்து ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் பதிவு செய்திருக்கிறார். இந்த ஓவியத்துக்குப் பொம்மைகளையும் வைத்துப் பார்த்தாராம். நமக்குக் கரித்துண்டு, கிணற்றுச் சுவர்ப் பாசி, இலை உருவிய முருங்கைக் காம்பு போதும். விளக்கு ஒரு பக்கம் மட்டும் இருக்கட்டும்.

வெள்ளைக் கேன்வாஸில் நேராகத் தொடங்காதீர்கள். ரா அம்பர் என்ற பழுப்போடு எல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள் கலந்து, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசிக் காயவிடுங்கள். அடுத்த பூச்சுக்கு டர்பன்டைன் 2 பங்கு, லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் 1 பங்கு. கடைசிப் பூச்சுக்குச் சரிபாதி. மேலே போகப் போக எண்ணெய் கூடும் இந்த வரிசை தலைகீழானால் மேல்பூச்சு முந்திக் காய்ந்து, பிறகு வெடிக்கும். தூரிகையை இரண்டடி மூங்கில் குச்சியில் கட்டி, தள்ளி நின்று வீசுங்கள். விரல் நுணுக்கம் தானாக அடங்கும். பட்டின் ஒளியைக் கடைசியில் வையுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. எண்ணெய் வண்ணம் தண்ணீர் வற்றிக் காய்வதல்ல, காற்றின் ஆக்சிஜனை ஏற்று இறுகுவது; ஈரக் குளிர்ச்சியில் அது இழுக்கும். அவசரப்பட்டு இருட்டறையில் மூடி வைத்தால் எண்ணெய் மஞ்சளிக்கும். சுவரை ஒட்டிச் சாய்த்தால் பின்துணியில் பூஞ்சை பிடிக்கும். இரண்டங்குலமாவது இடைவெளி விடுங்கள். வார்னிஷ் பூச ஆறு மாதம் பொறுக்க வேண்டும்.